1990 ஜனவரியில் பிறந்தவர் குதிரையா, பாம்பா?

கேள்வி: பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை பார்க்கிறேன். பிறந்தது 1990 ஜனவரி 15. ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்தால் சீனர்களின் பன்னிரண்டு விலங்கு வருஷக் கணக்கில் என் விலங்கு குதிரை, 2026 குதிரை வருஷம், அதனால் எனக்கு யோகம் என்று வருகிறது. கூட வேலை செய்யும் சீன நண்பர் நான் பாம்பு என்கிறார். எது சரி? புத்தாண்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். என்ன கொண்டுபோக வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்:

நண்பர் சொன்னதுதான் சரி. 1990-இல் சீனப் புத்தாண்டு பிறந்தது ஜனவரி 27. நீங்கள் அதற்குப் பன்னிரண்டு நாள் முந்திவிட்டீர்கள், ஆகவே 1989-இன் பாம்புக் கணக்கில்தான் சேர்த்தி. பல ஆப்கள் ஆங்கில வருஷத்தை மட்டும் பார்த்து விலங்கைச் சொல்லிவிடுகின்றன. ஜனவரியிலோ பிப்ரவரி 20-க்குள்ளோ பிறந்தவர் யாராக இருந்தாலும், அந்த வருஷத்துப் புத்தாண்டுத் தேதியைப் பார்க்காமல் விலங்கைச் சொல்லக் கூடாது.

அந்தத் தேதி ஏன் ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில் அலைகிறது என்பது பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்குச் சுலபமாகப் புரியும். மாசம் அமாவாசையில் தொடங்கும்; வருஷம் சூரியனோடு ஒட்டிப் போக வேண்டும். டிசம்பர் 21, 22 வாக்கில் வருகிற குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு எந்த மாசத்தில் விழுகிறதோ அது பதினோராம் மாசம் என்பது விதி. அதிலிருந்து எண்ணினால், பெரும்பாலும் இரண்டாவது அமாவாசை புத்தாண்டு. நம் காலண்டரை வைத்துச் சொன்னால் அது தை அமாவாசை, தள்ளிப்போனால் மாசி அமாவாசை. ஊர் நேரத்தால் ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம். இந்த 2026-இல் தை அமாவாசை ஜனவரி 18-லேயே வந்துவிட்டதால் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, மாசி அமாவாசையன்று. சந்திரக் கணக்கு சூரியனை விட்டுப் பின்தங்கும்போது நாம் அதிக மாசம் சேர்ப்பது போலவே அவர்களும் 19 வருஷத்துக்கு ஏழு மாசம் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். 2025-இல் தொடங்கிய பாம்பு வருஷத்தில் ஆறாம் மாசம் இரண்டு முறை வந்தது. அதனால்தான் அதற்கு 384 நாள்.

இன்னொரு சிக்கல் ஜோசியக்காரர்களால் வருவது. அவர்களில் பலர் புத்தாண்டு நாளில் விலங்கை மாற்றுவதில்லை. பிப்ரவரி 4 வாக்கில் 'லிச்சுன்' என்று ஒரு சூரிய நாள் வருகிறது, வசந்தத்தின் தொடக்கம். ஜாதகக் கணக்குக்கு அதுதான் அவர்களுக்கு வருஷப் பிறப்பு. 2026 பிப்ரவரி 10-இல் ஒரு குழந்தை பிறந்தால் பாட்டி பாம்பு என்பார், ஜோசியர் குதிரை என்பார். உங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. எந்த வழியில் எண்ணினாலும் நீங்கள் பாம்புதான்.

இனி அந்த யோக விஷயம். நீங்கள் குதிரையாகவே இருந்தால்கூட ஆப் சொன்னது தலைகீழ். சொந்த விலங்கின் வருஷம் வந்தால் சீனர்கள் கொண்டாடுவதில்லை, ஜாக்கிரதையாகிறார்கள். அதற்குப் 'பென்மிங்நியன்' என்று பெயர். 12, 24, 36, 48 வயது வாக்கில் வரும் கண்டம். அந்த வருஷம் முழுக்க இடுப்பில் சிவப்பு பெல்ட், கையில் சிவப்புக் கயிறு, உள்ளே சிவப்பு ஜட்டி, சிவப்புக் காலுறை. வேடிக்கை இல்லை, புத்தாண்டுக்கு முன்னால் துணிக்கடைகளில் இதற்கென்றே ஒரு மூலை ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

காரணம் வியாழன். குரு கிரகம் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 11.86 வருஷம் ஆகிறது, சுமாராக 12. பழைய சீன வானியலார் அதை 'வருஷ நட்சத்திரம்' என்று வைத்து ஆண்டுகளை எண்ணினார்கள். கூடவே அதற்கு எதிர்த்திசையில் ஓடும் ஒரு கற்பனைக் கோளையும் வைத்துக்கொண்டார்கள். அதுதான் தாய் சூய். பிற்பாடு தாவோ மதத்தில் அது தேவதையாகி, அறுபது வருஷத்துக்கு அறுபது சேனாபதிகளாகப் பெருகியது. பெய்ஜிங்கில் வெண்மேகக் கோவிலில் அந்த அறுபது பேருக்கும் ஒரு மண்டபமே இருக்கிறது. உங்கள் விலங்கு தாய் சூய் உட்காரும் இடத்தில் இருந்தால் அவர் மேல் மோதுகிறீர்கள், நேர் எதிரே இருந்தாலும் மோதுகிறீர்கள். எதிர் என்றால் ஆறு வருஷ வித்தியாசம்: எலிக்குக் குதிரை, மாட்டுக்கு ஆடு, புலிக்குக் குரங்கு, முயலுக்குச் சேவல், டிராகனுக்கு நாய், பாம்புக்குப் பன்றி. 2026-இல் சாந்தி செய்ய வேண்டியவர்கள் முதலில் குதிரைக்காரர்களும் எலிக்காரர்களும். உங்கள் கண்டம் 2025-லேயே கழிந்தது. குருப் பெயர்ச்சிக்குப் பரிகாரம் செய்து வளர்ந்த நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை, கிரகம் அதேதான்.

அறுபது என்று சொன்னேனே, அதுவும் நமக்குப் பழக்கப்பட்ட எண். பன்னிரண்டு விலங்கோடு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தும் இரண்டிரண்டு வருஷமாகச் சேர்ந்து சுற்றுவதால் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே சேர்க்கை திரும்பும். வருஷத்தின் கடைசி எண்ணே போதும்: 4, 5 மரம், 6, 7 நெருப்பு, 8, 9 மண், 0, 1 உலோகம், 2, 3 நீர். நீங்கள் 1989, மண் பாம்பு; அது மறுபடி வருவது 2049-இல், உங்கள் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி. நம் பிரபவ வருஷம் கடைசியாக வந்தது 1987, அவர்கள் சுற்று புதிதாகத் தொடங்கியது 1984.

விலங்குகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஓட்டப்பந்தயக் கதை. தேவலோகத்து ஜேட் சக்கரவர்த்தி பந்தயம் வைத்தார், எலி மாட்டின் முதுகில் சவாரி செய்து கடைசியில் குதித்து முதலாவதாக வந்தது, பூனையை ஏமாற்றி விட்டுவிட்டது, பன்றி தின்று தூங்கிக் கடைசியில் வந்தது. குழந்தைகளுக்குச் சொல்ல அருமையான கதை, ஆனால் பின்னால் கட்டியது. கையில் கிடைத்திருக்கும் ஆதாரம் அதைவிட ருசியானது. 1975-இல் ஹூபெய் மாகாணத்தில் ஷுய்ஹுதி என்ற இடத்தில் சின் அரசின் ஒரு சிறு அதிகாரியின் கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 217 வாக்கில் மூடப்பட்ட கல்லறை. உள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்ட மூங்கில் பட்டைகள். பாதி சட்டம், மீதியில் நல்ல நாள் கெட்ட நாள் பார்க்கும் சுவடியும் உண்டு. அதில்தான் விலங்குகள் வருகின்றன, திருடனைப் பிடிக்க! எந்த நாளில் பொருள் காணாமல் போனதோ அந்த நாளின் விலங்கை வைத்துத் திருடன் எப்படி இருப்பான் என்று சொல்கிறது. எலி நாள் என்றால் திருடனுக்கு வாய் கூராக இருக்கும், தாடி மீசை அடர்த்தியாக இருக்காது, கறுத்த ஆள், முகத்தில் மச்சம், காதில் தழும்பு. எடுத்த பொருளைச் சுவருக்குள்ளே குப்பைக்கு அடியில் ஒளித்திருப்பான். வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவர்கள் இவ்வளவு விவரம் சொல்வார்களா தெரியாது.

அந்தச் சுவடியின் பட்டியல் இன்றைய பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்று குதிரை இருக்கும் ஏழாம் இடத்தில் அங்கே மான். குதிரை அதற்கு அடுத்த இடத்தில், இப்போது ஆடு நிற்கும் இடத்தில். டிராகன் இடத்தில் விலங்கே எழுதவில்லை. இன்றைய வரிசை கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சொங் என்ற சிந்தனையாளர் எழுதியதில்தான் தெளிவாகத் தெரிகிறது, அதுவும் அவர் கிண்டல் செய்வதற்காகக் கொண்டுவந்தது. எலி நீருக்கு உரியது, குதிரை நெருப்புக்கு; நீர் நெருப்பை வெல்லும் என்கிறீர்களே, எலி ஏன் குதிரையைத் துரத்துவதில்லை என்று கேட்கிறார். உலோகம் மரத்தை வெட்டுமென்றால் சேவல் ஏன் முயலைக் கொத்துவதில்லை? அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் நல்ல பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

நாடு மாறினாலும் விலங்கு மாறும். வியட்நாமில் முயல் கிடையாது, பூனைதான். மாட்டுக்குப் பதில் எருமை. ஜப்பானில் வீட்டுப் பன்றி காட்டுப்பன்றி ஆகிவிட்டது. சமஸ்கிருதத்திலிருந்து சீனத்துக்குப் போன ஒரு பழைய பௌத்த சூத்திரத்தில் புலியின் இடத்தில் சிங்கம் நிற்கிறது. 2023-இல் ஹனோயில் பிறந்த குழந்தை பூனை, அதே நாளில் பெய்ஜிங்கில் பிறந்தது முயல். இரண்டுக்கும் வேறு வேறு குணமா?

என் கருத்தில் இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த விலங்கு வருஷத்தின் பெயர். ஆளின் குணத்தைச் சொல்வது அதன் வேலை இல்லை. பாம்புக்காரர் ஆழமானவர், குதிரைக்காரர் ஓரிடத்தில் நிற்கமாட்டார், மாடு உழைப்பாளி, குரங்கு கெட்டிக்காரர் என்றெல்லாம் ஒட்டுவது, குரோதி வருஷத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் கோபக்காரர்கள் என்று சொல்வதைப் போலத்தான். முறையாகச் சீன ஜாதகம் பார்ப்பவரிடம் போனால் அவர் வருஷத்தோடு நிறுத்தமாட்டார். பிறந்த மாசம், நாள், மணி என்று நான்கு தூண் எடுப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு உண்டு. ராத்திரி 11-லிருந்து 1 மணி வரை எலி நேரம், அடுத்த இரண்டு மணி மாடு, இப்படியே. அந்த நான்கில் ஜாதகருக்கு முக்கியம் பிறந்த நாளின் தூண். ஆப் காட்டும் விலங்கு நாலில் ஒரு பங்கு.

அப்படியானால் அன்றாடத்தில் அது எதற்குப் பயன்படுகிறது? வயது கேட்க. முகத்துக்கு நேரே வயது கேட்பது அழகில்லை. எந்த விலங்கு என்று கேட்டால் போதும். முகத்தைப் பார்த்தால் 24-க்கும் 36-க்கும் வித்தியாசம் தெரியாதா என்ன? அடுத்தது பொருத்தம். நான்கு வருஷ வித்தியாசம் ஒத்துவரும் (பாம்பு, சேவல், மாடு ஒரு கூட்டு), ஆறு வருஷ வித்தியாசம் ஒத்துவராது. இது பெண் பார்க்கும் இடத்தில் இன்னும் பேசப்படுகிறது. புலி வருஷத்தில் பிறந்தவர்களைக் கல்யாணப் பெண்ணின் அறைக்குள் விடாத குடும்பங்கள் உண்டு. ஆடு வருஷத்தில் பிறந்த பெண்ணுக்கு வாழ்க்கை நிறைவாக அமையாது என்று வடக்கே ஒரு பழமொழியே இருக்கிறது. நம் மூல நட்சத்திரத்துப் பெண்கள் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை கதையாக நின்றுவிடாமல் நாட்டுக் கணக்கிலேயே தெரிந்த இடங்கள் உண்டு. அதில் பெரியது ஜப்பான், 1966. அது தீக்குதிரை வருஷம். தீக்குதிரையில் பிறந்த பெண் புருஷனை முடித்துவிடுவாள் என்பது அங்கே பழைய பயம். காதலுக்காக ஊருக்குத் தீ வைத்தாள் என்று எடோ நகரில் 1683-இல் தண்டிக்கப்பட்ட ஓஷிச்சி என்ற பெண் தீக்குதிரையில் பிறந்தவள் என்று கதை. 1965-இல் ஜப்பானில் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 1966-இல் 13.6 லட்சம். 1967-இல் 19.4 லட்சம். வெறும் ஒரு வருஷப் பெயருக்காக நாலில் ஒரு பங்கு குறைந்து மறு வருஷமே நிமிர்ந்துவிட்டது. அந்தத் தீக்குதிரை அறுபது வருஷம் கழித்துத் திரும்பி வருவதுதான் இந்த 2026. சீனர்களுக்குப் பெண் குழந்தை மேல் இந்தக் குறிப்பிட்ட பயம் கிடையாது. அங்கே தீக்குதிரையும் அதை அடுத்த தீ ஆடும் நாட்டுக்கு ஆகாது என்று சோங் வம்ச காலத்தில் எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

சீனர்களுடைய ஆசை டிராகன். சிங்கப்பூர், ஹாங்காங், தைவான் எங்கும் டிராகன் வருஷத்தில் பிறப்பு கூடும். பிறகு அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வகுப்பில் இடத்துக்கு அடித்துக்கொள்வார்கள். வருஷா வருஷம் சரிந்துகொண்டிருந்த சீனாவிலேயே 2024-இல் பிறப்பு 90.2 லட்சத்திலிருந்து 95.4 லட்சமாக ஏறியது. கோவிட் முடிந்து 2023-இல் நடந்த கல்யாணங்களும் அதற்கு ஒரு காரணம். வேடிக்கை என்னவென்றால் அதே டிராகன் வருஷத்தில் கல்யாணம் 76.8 லட்சத்திலிருந்து 61 லட்சமாக விழுந்தது. ஆள்தொகை, வேலை, வீட்டு விலை எல்லாம் முக்கியக் காரணங்கள்தான். ஆனால் சந்திர வருஷம் பிப்ரவரி 10-இல் தொடங்கி அடுத்த ஜனவரி 28-இல் முடிந்ததால் லிச்சுன் நாளே உள்ளே விழவில்லை. அதை 'விதவை வருஷம்' என்பார்கள். பிள்ளைக்கு நல்ல வருஷம், தாலிக்கு ஆகாத வருஷம். 384 நாள் ஓடிய பாம்பு வருஷத்தில் லிச்சுன் இரண்டு முறை வந்தது, அது கல்யாணத்துக்கு விசேஷம்.

சரி, விருந்துக்கு வருவோம். பிப்ரவரி 16 ராத்திரி குடும்பம் மட்டும் கூடிச் சாப்பிடும் சாப்பாடு. சாதாரணமாக வெளியாளைக் கூப்பிடமாட்டார்கள். உங்களை அதற்கே கூப்பிட்டிருந்தால் பெரிய மரியாதை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேஜையில் முழு மீன் வரும், கடைசித் துண்டைக் காலி செய்துவிடாதீர்கள். மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகவே வைக்கும் மீன் அது. முதல் நாள் வீடு கூட்டமாட்டார்கள், குப்பையை வெளியே தள்ளினால் அதோடு வந்த லட்சுமியும் போய்விடுவாள் என்ற கணக்கு. பல பௌத்த, தாவோக் குடும்பங்களில் முதல் நாள் சைவம், நீங்கள் சைவமாக இருந்தால் அந்த நாள் வசதி. இரண்டாம் நாள் கட்டிக் கொடுத்த பெண்கள் தாய்வீடு வரும் நாள். மூன்றாம் நாள், அதாவது பிப்ரவரி 19, போகாதீர்கள். அன்று போனால் சண்டை வரும் என்று வீட்டோடு இருப்பவர்கள் இன்னும் உண்டு.

கையில் மாண்டரின் ஆரஞ்சு கொண்டுபோங்கள், ஒரு ஜோடி அல்லது நான்கு ஜோடி. நாலு பழமாக மட்டும் வேண்டாம், நாலு என்ற எண்ணே ஆகாது. இரண்டு கையாலும் வீட்டில் மூத்தவரிடம் கொடுங்கள், நண்பரிடம் அல்ல. பாட்டி இருந்தால் 'ஆ மா' என்று கூப்பிட்டாலே முகம் மலர்ந்துவிடும். கிளம்பும்போது அவர்களும் உங்களுக்கு ஒரு ஜோடி பழம் திருப்பித் தருவார்கள். மறுக்கக் கூடாது, வெறுங்கையோடு அனுப்புவது அவர்களுக்குக் குறை. சிவப்போ வேறு பளிச்சென்ற நிறமோ உடுத்துங்கள்; கறுப்பும் வெள்ளையும் துக்கத்துக்கு உரியவை. கடிகாரம், கத்தி பரிசாகத் தர வேண்டாம்.

அங்பாவ், அதாவது சிவப்புக் கவரில் வைத்துத் தரும் பணம், அந்த விஷயத்தில் நம்மவர்கள் தவறுவது ஒரே இடத்தில். மொய்க்கு 101, 501 என்று ஒற்றைப்படையில் வைத்துப் பழகிவிட்டோம். இங்கே நல்ல காரியத்துக்கு இரட்டைப்படை, ஒற்றைப்படை இழவு வீட்டுக்கு. பத்து, இருபது ரிங்கிட் என்று புது நோட்டாகச் சிவப்புக் கவரில் வையுங்கள். வெள்ளைக் கவரைத் தொடவே வேண்டாம், அது இறுதிச் சடங்குக்கு. கல்யாணம் ஆனவர் ஆகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தருவது முறை. நீங்கள் பிரம்மச்சாரியென்றால் முப்பத்தாறு வயதிலும் உங்களுக்கு அங்பாவ் கிடைக்கும், வாங்கிச் சட்டைப்பையில் வையுங்கள், அங்கேயே பிரிக்காதீர்கள். தீபாவளிக்கு ஊதாக் கவரும் நோன்புப் பெருநாளுக்குப் பச்சைக் கவருமாக மலேசியாவில் எல்லோரும் கொடுப்பது இந்தச் சிவப்புக் கவரைப் பார்த்துப் பிறந்த பழக்கம்தான்.

சாப்பாட்டில் 'யீ சாங்' வரும். பெரிய தட்டில் மெல்லிசாகச் சீவிய முள்ளங்கி, கேரட், பொமலோ சுளை, பொடித்த நிலக்கடலை, நடுவில் பச்சை மீன் துண்டுகள், மேலே பிளம் சாஸ். எல்லோரும் எழுந்து நின்று சாப்ஸ்டிக்கால் உயரத் தூக்கி வீசிக் கலக்க வேண்டும், மேஜையெல்லாம் சிந்தினால் நல்லது. சீனாவில் பலருக்கு இதைத் தெரியாது. இந்த வடிவம் நம் பக்கத்து ஊர்களில் உருவானது. சிங்கப்பூரில் 1964-இல் நான்கு சமையல்காரர்கள் கொண்டுவந்தார்கள் என்பவர்களும், அதற்கு முன்பே சிரம்பானில் இருந்தது என்பவர்களும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

பட்டாசுக்கு 'நியன்' என்ற பூதத்தின் கதை சொல்வார்கள். பழைய நூல்களில் அந்தப் பூதத்தைக் காணோம். ஆறாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்வது வேறு: புத்தாண்டு விடியலில் முற்றத்தில் மூங்கிலை நெருப்பில் போட்டு வெடிக்கவிட்டு மலைப் பேய்களை விரட்டினார்கள்.

பினாங்கில் இருப்பதால் ஒன்றைத் தவறவிடாதீர்கள். பிப்ரவரி 24 ராத்திரி ஜார்ஜ்டவுனில் சியூ ஜெட்டி பக்கம் போங்கள். ஹொக்கியன்காரர்களுக்கு முதல் நாளைவிட இதுதான் பெருநாள், 'பாய் தீ கோங்', ஜேட் சக்கரவர்த்தியின் பிறந்தநாள். ஒரு காலத்தில் எதிரிகள் துரத்த அவர்கள் முன்னோர் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து கிடந்து, ஒன்பதாம் நாள் உயிரோடு வெளியே வந்தார்கள் என்பது கதை. அதனால் நீளமான மேஜை போட்டுச் சிவப்புத் துணி விரித்து, இரு பக்கமும் தோகையோடு முழுக் கரும்பைக் கட்டுவார்கள், பொங்கலுக்கு நம் வாசலில் நிற்குமே, அதே உயரம். மேஜை மேல் சுட்ட பன்றி, அன்னாசி, ஆமை வடிவத்தில் சிவப்பு பன், அடுக்கடுக்காகத் தங்கத்தாள். நள்ளிரவு தாண்டியதும் அந்தத் தாள் மலையைக் கொளுத்துவார்கள். கடைசியில் கரும்பையும் அதன் மேலேயே சாய்த்துவிடுவார்கள். சாம்பல் பறக்கும், நல்ல சட்டை வேண்டாம்.

பதினைந்தாம் நாள் பௌர்ணமி, மார்ச் 3, 'சாப் கோ மே'. கல்யாணம் ஆகாத பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டி எஸ்பிளனேட் கரையிலிருந்து கடலில் ஆரஞ்சு எறிவார்கள். அதுவரைக்கும் எந்த நாள் பார்த்தாலும் நண்பரிடம் 'கியோங் ஹீ ஹுவாட் சாய்' என்று புத்தாண்டு வாழ்த்துச் சொல்லலாம், அங்பாவும் அதுவரைக்கும் செல்லும். முதல் வாரம் போக முடியவில்லை என்று வருத்தப்படாதீர்கள். வார நாளில் வேலை முடிந்து போனாலும் போதும், பழத்தை மட்டும் மறக்க வேண்டாம்.